வாய்மையும் துறவும்: உண்மையாக வாழ்தல் பற்றிய ஒரு சிந்தனை

முன்னுரை

உண்மையாக வாழ வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின் அத்தொடரின் பொருள் யாது என வினவின் இருவேறு விடைகள் கிடைக்கின்றன. உள்ளத்தில் தோன்றுவதை மறைக்காமல் வெளியிடுவதே உண்மை என்பது ஒன்று. அவ்வுள்ளத்தையே பொய்யின்றி வைத்துக்கொள்வது உண்மை என்பது மற்றொன்று. உண்மை, வாய்மை, மெய்மை என்னும் சொற்களை முறையே உள்ளம், வாய், மெய் ஆகியவற்றோடு பொருத்திக் காணும் தமிழ் மரபு, இம்மூன்றும் ஒத்திருத்தலையே நிறைவாகக் கருதுகிறது. அந்நிறைவை அடைவதற்கு எதை விட வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. திருக்குறளின் ‘வாய்மை’ அதிகாரம் நிற்கும் இடமும் அதன் குறள்களின் வரிசையும் இதற்கு விடை தேடத் துணைசெய்கின்றன.

அதிகாரம் நிற்கும் இடம்

பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் ‘வாய்மை’ 30ஆம் அதிகாரம். அதற்கு முன் ‘கூடாவொழுக்கம்’ (28), ‘கள்ளாமை’ (29) ஆகியனவும், பின் ‘வெகுளாமை’ (31), ‘இன்னா செய்யாமை’ (32) ஆகியனவும் உள்ளன. ஒருபுறம் வேடமும் களவும். மறுபுறம் சினமும் பிறர்க்குச் செய்யும் துன்பமும். இவ்விரண்டிற்கும் இடையில் வாய்மை நிற்பது நோக்கத்தக்கது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுதல் வாய்மை அன்று. ‘மனத்தில் பட்டதைச் சொல்லிவிட்டேன்’ என்று பிறரைப் புண்படுத்துதலும் வாய்மை அன்று. அதிகாரத்தின் முதற்குறளே (291) பிறர்க்குத் தீங்கு தராத சொல்லை வாய்மை எனக் கூறி, வாய்மையின் எல்லையை வரைந்துவிடுகிறது.

அடுத்த குறள் (292) குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. அழிவோ சாவோ நேரவிருந்த ஓர் உயிர் அதனின்று நீங்கும் சூழலைக் கொண்டு பரிமேலழகர் இதனை விளக்குவார். எனினும் நடைமுறையில் இக்குறளைத் தம் வசதிக்குச் சான்றாகக் காட்டுவோரே மிகுதி. இதனை எதிர்நோக்கியது போல, தன் நெஞ்சு அறிந்ததைப் பொய்த்தல் கூடாது, பொய்த்தபின் அந்நெஞ்சே சுடும் என்னும் கருத்துடைய குறள் (293) உடனே வருகிறது. சொன்ன பொய் பிறர் நன்மைக்கா, தன் நன்மைக்கா என்பதை உலகம் அறியாது, நெஞ்சு அறியும். 292 அளிக்கும் விலக்கிற்கு 293 காவலாக நிற்கிறது எனலாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் பால் சார்த்தர் 1943இல் வெளியான ‘இருத்தலும் இன்மையும்’ என்னும் நூலில், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்பவன் மறைக்கும் உண்மையை அவனே அறிந்திருக்க வேண்டும் என்னும் முரணை ஆராய்ந்தார். அதே முரணைக் குறள் நெஞ்சின் சுடுதலாகக் காட்டுகிறது.

ஒரு வகுப்பறை நிகழ்வு

தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிலும் மாணவர்களுக்குக் ‘கூடாவொழுக்கம்’ நடத்தினேன். புறத்தே குன்றிமணி போல் செம்மையாகத் தோன்றினும் அகத்தே அதன் மூக்குப் போல் கரியவர் உண்டு என்னும் கருத்துடைய குறளுக்கு (277) வந்தபோது, குன்றிமணியைக் கண்டறியாத மாணவி ஒருவர், அதன் உட்பகுதி கருமையா என வினவினார். எனக்குத் தெரியாது. ஆயினும் சற்றும் தயங்காமல் ‘ஆம்’ என்றேன். மாணவர்கள் அதைக் குறித்துக்கொண்டனர்.

அன்று மாலை ஒரு குன்றிமணியை உடைத்துப் பார்த்தேன். உட்பருப்பு கருமையன்று. கருமை, மூக்கு எனப்படும் அச்சிறு புள்ளியிலேயே உள்ளது. குறளும் அகத்தின் கருமைக்கு மூக்கையே உவமை ஆக்குகிறது. மணியின் உட்பகுதி கருமை என்று கூறவில்லை. போலித்தன்மையைப் பழிக்கும் பாடலை நடத்திக்கொண்டே போலியாக விடை கூறியிருந்தேன். அடுத்த வகுப்பில் உடைத்த மணியைக் காட்டி, ‘அன்று தெரியாமல் சொன்னேன்’ என்று கூறுவதற்கு முன் பல காரணங்கள் மனத்தில் எழுந்தன: சிறிய செய்திதானே, ஆசிரியர் மீதுள்ள நம்பிக்கை குறையுமே, பிறகு ஒருமுறை சொல்லலாமே. அவை யாவும் மாணவர் நலம் கருதியவை போலவே தோன்றின. உண்மையில் அவை காக்க முயன்றது, எல்லாம் அறிந்தவர் என்னும் என் தோற்றத்தையே.

வாய்மை ஏன் துறவறவியலில்?

இந்நிகழ்வு ஒரு பழைய ஐயத்திற்கு விடை தந்தது. இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை ஆகிய சொல்லறங்கள் இல்லறவியலில் இருக்க, வாய்மை மட்டும் ஏன் துறவறவியலில் வைக்கப்பட்டது? துறவியருக்கே உரியது என்று கொள்ள இயலாது. மனத்தோடு பொருந்த வாய்மை மொழிபவர் தவமும் தானமும் ஒருங்கே செய்வாரினும் மேலானவர் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து (295). தவம் துறவியரின் அறம். தானம் இல்லறத்தாரின் சிறப்பறம். இரண்டையும் விஞ்சுவது இருவர்க்கும் பொதுவானதாகவே இருத்தல் வேண்டும். வாய்மையைக் கடைப்பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மனிதன் பெயரையோ பயனையோ தன்னைப் பற்றித் தானே வரைந்துகொண்ட உருவத்தையோ விட வேண்டியிருக்கிறது. ஆகவே இல்லத்தில் இருந்துகொண்டே செய்யும் சிறு துறவு வாய்மை என்பது இக்கட்டுரையின் கருத்து.

காந்தியடிகளின் தன்வரலாறு இதற்குத் தக்க சான்று. உடன்பிறந்தாரின் கடனைத் தீர்க்க அவர்தம் காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடிய இளைஞர், அதனை எழுதித் தந்தையிடம் கொடுத்தார், தண்டனையும் வேண்டினார், இனித் திருடுவதில்லை என்றும் உறுதி கூறினார். நல்ல மகன் என்னும் பெயரை அவர் அங்கே துறந்தார். தந்தை கண்ணீர் உகுத்து அத்தாளைக் கிழித்தார். குற்றத்தை வெளியிட்டதோடு அது முடியவில்லை. தன்னைத் திருத்திக்கொள்ளும் உறுதியும் உடன் இருந்தது.

முடிவுரை

மனிதர் பொய்யே இன்றி வாழ்வது அரிது. பொய் நேர்ந்ததற்கும் அதை நெஞ்சு ஒப்புக்கொள்வதற்கும், நெஞ்சு ஒப்பியதை வாய் சொல்வதற்கும் இடையே உள்ள காலம் குறைந்துகொண்டே வருமாயின், அதனையே வளர்ச்சி எனலாம். குன்றிமணி நிகழ்வில் அது ஒரு வாரமாக இருந்தது. ஆய்வுலகில் பிறர் கருத்தை அவர் பெயர் சுட்டாமல் எடுத்தாள்வோர்க்கும், தாம் பாராத சுவடியைப் பார்த்ததாக எழுதுவோர்க்கும் இதே அளவுகோல் பொருந்தும். கள்ளாமையை அடுத்து வாய்மை வருவதை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அந்த வரிசை கற்பிப்பவர்க்கும் உரியது.