நிழற்குடை யாருக்காக?

1964இல் பிரெஞ்சு அரசு நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகள் மீது கடும் வரி விதித்தது. அந்தத் தொழிலில் இருந்த ழான் குளோத் தெக்கோ வேறு வழி தேடி லியோன் நகராட்சியிடம் போனார். பேருந்து நிறுத்தங்களில் நிழற்குடைகளைத் தம் செலவில் கட்டித் தருவதாகவும், துடைத்துப் பராமரிப்பதும் தம் பொறுப்பு என்றும், அவற்றில் விளம்பரம் வைக்கும் உரிமையை மட்டும் தந்தால் போதும் என்றும் சொன்னார். நகராட்சி ஒப்புக்கொண்டது. இன்று உலகின் பெருநகரங்கள் பலவும் ஏதோ ஒரு வடிவில் இந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன. சென்னையிலும் தனியார் நிழற்குடையைக் கட்டி, சில ஆண்டுகள் விளம்பர வருவாய் எடுத்துக்கொண்டு, பிறகு மாநகராட்சியிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. நகருக்குச் செலவில்லாமல் கூரை, நிறுவனத்துக்கு லாபம். ஆனால் அந்தக் கூரையின் கீழ் நிற்கப்போகிறவர் இந்தப் பேச்சுவார்த்தையில் எங்கும் இல்லை.

தமிழ்நாட்டில் விளம்பரப் பலகைகள் குறித்து நடந்த வாதங்கள் பெரும்பாலும் ஆபத்தைப் பற்றியவை. சென்னைச் சாலையோரங்களின் ராட்சதப் பலகைகளுக்கான கட்டுப்பாடுகளை உச்ச நீதிமன்றம் 2008இல் உறுதி செய்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அனுமதியின்றி வைத்த பேனர் விழுந்து, இருசக்கர வண்டியில் வந்த இளம்பெண் இறந்தபோது ஊரே கொதித்தது. நிழற்குடை விளம்பரம் யார் தலையிலும் விழுவதில்லை, அனுமதி பெற்றது, அளவிலும் சிறியது. அதனாலேயே அதைப் பற்றிய அறக்கேள்வி எழாமலே போகிறது. அழகைக் கெடுக்கிறது என்ற குறையும் உண்டு. ஆனால் வெயிலில் நிற்பவருக்கு அழகைவிட நிழல் முக்கியம் என்பதால், அந்த வாதம் வெகுதூரம் போகாது.

உண்மையான சிக்கல் வேறு. செய்தித்தாள் விளம்பரத்தைப் புரட்டிவிடலாம், தொலைக்காட்சியை அணைத்துவிடலாம். நிறுத்தத்தில் நிற்பவர் விலகிப் போக முடியாது. போனால் பேருந்து போய்விடும். 1952இல் வாஷிங்டன் நகரின் டிராம்களிலும் பேருந்துகளிலும் வானொலி நிகழ்ச்சிகளும் விளம்பரங்களும் ஒலிபரப்பானது பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒலிபரப்பு தொடரலாம் என்றது பெரும்பான்மை. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மாறுபட்டார். வேறு வழியில்லாமல் பொதுப் போக்குவரத்தில் ஏறுகிறவரைக் கட்டாயமாகக் கேட்கவைப்பது அவருடைய தனிமையில் தலையிடுவது என்பது அவர் நிலை. காதை மூட முடியாது, கண்ணைத் திருப்பிக்கொள்ளலாமே என்று சொல்லத் தோன்றும். ஆனால் பேருந்துக்குக் காத்திருப்பவரின் கண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது. வரும் வண்டியின் எண்ணைத் தூரத்திலிருந்தே படித்தாக வேண்டும். நிழற்குடையின் பக்கவாட்டுப் பலகையை வண்டி வரும் திசையில் வைத்தால், அது அந்தப் பார்வையையே மறைத்து நிற்கும். உட்கார இடம் இருந்தும் ஜனங்கள் எழுந்து வந்து சாலையோரத்தில் எட்டிப் பார்த்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுத்தத்தில் நிற்பவர் யார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருக்கிறது. அரசு அவர்களிடம் பயணக் கட்டணம் வாங்காமல் இருப்பது நல்ல அறம். அதே பெண்களின் காத்திருப்பை மாநகராட்சி இன்னொரு கையால் விற்கலாமா?

எதிர்வாதங்களில் ஒன்று மிக வலுவானது. இரவு பத்து மணிக்குத் தெருவிளக்கு எரியாத நிறுத்தத்தில், விளம்பரப் பலகைக்குள் எரியும் விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். வேலை முடிந்து தனியாக நிற்கும் பெண்ணுக்கு அந்த வெளிச்சம் தைரியம். நகைக்கடை விளம்பரமாக இருந்தால்தான் என்ன? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவள் இடத்தில் நின்று பார்த்தால் கவனம், தனிமை என்ற பேச்செல்லாம் சொகுசாகத் தோன்றும். ஆனால் அந்தப் பலகையை வாடகைக்கு எடுக்க ஆள் வராத மாதத்தில் என்ன ஆகும்? விளக்கு எரிய வேண்டும் என்ற கட்டாயம் விளம்பரதாரருக்கு இல்லை, லாபம் இருக்கும்வரை எரியும். ஒரு பெண்ணின் பாதுகாப்பை ஒரு கடையின் விற்பனைக் கணக்கில் தொங்கவிடுவதே தவறு. வெளிச்சம் தேவை என்பது நியாயம் என்றால், அதைத் தர வேண்டியவர் யார் என்பதும் அதிலேயே தெளிவாகிறது.

இதைவிடப் பெரிய தவறு, கூரை எங்கே வருகிறது என்பதில் இருக்கிறது. விளம்பரதாரர் முதலில் தேடுவது காரிலும் பைக்கிலும் போகிறவர்களின் கண்ணை. அதனால்தான் பெரிய பலகை கூரைக்கு மேலே சாலையைப் பார்த்து நிற்கிறது. அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிவதே இல்லை. அங்கே அவர் பார்வையாளர்கூட இல்லை, பலகையைத் தாங்கும் கட்டுமானத்துக்குக் கிடைத்த அனுமதிச் சாக்கு. அண்ணா சாலை நிறுத்தத்துக்கு ஏலத்தில் ஆள் வரும். புறநகரின் உள்சாலையில், ஒரு கம்பமும் பெயரும்தான் நிறுத்தம் என்று இருக்கும் இடத்தில், யார் வருவார்? அங்கேதான் வண்டி அரை மணிக்கு ஒன்று வருகிறது. அங்கேதான் மே மாத வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. நிழலின் தேவையும் விளம்பரத்தின் மதிப்பும் நேரெதிர்த் திசைகளில் இருக்கும்போது, இரண்டாவதை வைத்து முதலாவதைத் தீர்த்துவிடலாம் என்று நகரம் நம்புவது எப்படி?

தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன. தலைச்சுமையோடு நடப்பவர் குனியாமல் சுமையை இறக்கிவைத்து மூச்சுவாங்க நிறுத்திய கற்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இவற்றை நடுவது பல ஊர்களின் வழக்கம். சிலவற்றில் பெயரும் பொறித்திருக்கும். அதுவும் விளம்பரம்தானே என்று கேட்கலாம். பெயர் வருவதில் தவறில்லை. ஆனால் நடப்பவர் களைக்கும் இடம் எது என்று பார்த்து நட்டால்தான் அந்தக் கல்லுக்குப் பயன். இன்று தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டும் பயணியர் நிழற்குடைகளில் உறுப்பினரின் பெயர் கூரையைவிடப் பளிச்சென்று தெரிகிறது. அது பொதுப்பணம் என்பதால் அந்தப் பெயருக்கு இன்னும் குறைந்த நியாயமே உண்டு. ஆயினும் அந்த நிழற்குடைகள் விளம்பரதாரர் எட்டிப் பார்க்காத கிராமச் சாலைகளிலும் நிற்கின்றன. தேவையைப் பார்த்துக் கட்டப் பொதுப்பணத்தால் முடியும் என்பதற்கு இதுவே சான்று.

விளம்பரத்தை ஒருமுறை உள்ளே விட்டால் வெளியேற்றுவது கடினம். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2007 ஜனவரியில் வெளிப்புற விளம்பரங்களை அடியோடு தடை செய்து உலகை வியக்கவைத்தது. சில ஆண்டுகளில் அங்கேயே விளம்பரம் திரும்பி வந்த வழிகளில் ஒன்று பேருந்து நிழற்குடை. பிரான்சின் கிரெனோபிள் நகரம் 2014இல் தெருவோர விளம்பரப் பலகைகளை எடுக்கப்போவதாக அறிவித்து, முந்நூறுக்கும் மேற்பட்டவற்றை அகற்றியது. அப்போதும் நிழற்குடை விளம்பரங்களைத் தொட முடியவில்லை. அவற்றின் ஒப்பந்தம் போக்குவரத்து அமைப்பின் கையில் இருந்தது. இன்றைய மாமன்றம் போடும் கையெழுத்து, இனிமேல் தேர்ந்தெடுக்கப்படும் மாமன்றங்களின் கையையும் கட்டுகிறது.

எந்த விளம்பரம் என்பதை மட்டும் ஒழுங்குபடுத்திய நகரங்களும் உண்டு. லண்டன் போக்குவரத்துக் கழகம் 2019 பிப்ரவரி முதல் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளின் விளம்பரத்தைத் தன் நிறுத்தங்களில் அனுமதிப்பதில்லை. இங்கே புகையிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. உடனடிக் கடனுக்கும் தோலை வெளுப்பாக்கும் பசைக்கும் அப்படி ஒரு தடையும் இல்லை. மாதக் கடைசியில், கையில் காசில்லாமல் நிற்கிறவர் முன்னால் கடன் விளம்பரத்தை நகராட்சியே நிறுத்திவைப்பதை எந்த வருவாயும் நியாயப்படுத்தாது.

ஆகவே, நிழற்குடையை நகரம் தன் பணத்தில் கட்ட வேண்டும். குடிநீர், தெருவிளக்கு போல அதுவும் கடமை. கட்ட வேண்டிய நிறுத்தங்களின் பட்டியலைப் பயணிகளின் எண்ணிக்கையும் காத்திருக்கும் நேரமும் தீர்மானிக்கட்டும். அதன் பிறகும் பணம் போதவில்லை என்றால் சில நிறுத்தங்களில் விளம்பரத்துக்கு இடம் தரலாம். அந்த வருவாய், ஏலத்தில் ஆள் வராத நிறுத்தங்களின் கூரைக்கு மட்டுமே போக வேண்டும். வண்டி வரும் திசையில் பலகை கூடாது. தடம் எண்களும் நேர அட்டவணையும் விளம்பரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். விளக்கு மாநகராட்சி மின் இணைப்பில் எரிய வேண்டும். ஒப்பந்தம் ஒரு மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலத்தைத் தாண்டக் கூடாது.

பள்ளி வாசல்களிலும் அரசு மருத்துவமனை வாசல்களிலும் இருக்கும் நிறுத்தங்களுக்கு இந்த நிபந்தனைகளும் போதாது. ஒன்றில் நிற்பவருக்கு விளம்பரத்தை எடைபோடும் வயதில்லை. மற்றதில் நிற்பவருக்கு அதற்கான மனநிலை இல்லை. அங்கே எந்த விலைக்கும் பலகை வரக் கூடாது.