இரவல் வானம்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குசினி இரவு பதினொரு மணிக்குத்தான் ஓயும். அடுப்பு மினுக்கி, நிலம் கழுவி, குப்பைப் பைகளை வெளியே வைத்துவிட்டு உடுப்பு மாற்றும்போது பதினொன்றரை ஆகிவிடும். திங்கள் கடை பூட்டு. பேர்ண் நகரில் எங்களைப் போன்றவர்கள் இந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள், அல்லது யாருடையவாவது அறையில் கூடிக் குடிப்பார்கள். நாங்கள் மூன்று பேர் சில வருடங்களாக வேறொரு பழக்கம் பழகியிருக்கிறோம். ஆளுக்கு இருநூறு பிராங் போட்டுப் பழைய கமரா ஒன்று வாங்கினோம். வானம் வெளித்த இரவுகளில் குர்னிகல் கணவாய்க்கு ஏறி, அந்தக் கமராவால் இருட்டைப் படம் எடுக்கிறோம்.

எங்களில் ஒருவன் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டவன். மற்றவன் 2009 வரை வன்னியில் இருந்தவன். மூன்றாமவனிடம் கார் இருக்கிறது. எழுதும் கை ஒருவனுடையது என்றாலும் யோசனை மூவருடையது. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

"இருட்டை என்ன படம் எடுக்கிறது? வேலை செய்து மண்டை பிழைச்சுப் போச்சோ?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அதற்கு இங்கே பதில் சொல்லப்போவதில்லை. இந்தப் பழக்கத்தால் நாங்கள் செய்த ஒரு பிழையையும், அந்தப் பிழை எழுப்பிய கேள்வியையும் பற்றித்தான் சொல்லவேண்டும்.

சுவிஸ்காரருக்கு இருட்டு இன்று பாதுகாக்கப்பட வேண்டிய பொருள். குர்னிகலைச் சுற்றியுள்ள கன்ட்ரிஷ் இயற்கைப் பூங்காவின் ஒரு பகுதி 2019 இல் சர்வதேச இருண்ட வான் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காணமுடியாது என்றும், ஐரோப்பியரில் நூற்றுக்கு அறுபது பேரின் நிலை அதுவே என்றும் 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இங்கே பலர் நாற்பது வயதில், மலை ஏறி வந்து, முதல்முறையாகப் பால்வீதியைக் கண்டு கண்கலங்குவதைப் பார்த்திருக்கிறோம்.

நாங்கள் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. குப்பி விளக்கும் ஜாம் போத்தல் விளக்குமாக வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் வானம் முகத்தில் வந்து விழும். அதை யாரும் அழகென்று சொன்னதில்லை, பாதுகாக்க நினைத்ததுமில்லை. இருட்டென்றால் மண்ணெண்ணெய் இல்லை என்று அர்த்தம். ஆனால் வெளிச்சம் அதைவிடப் பயங்கரமானது. பரா வெளிச்சம் வானத்தில் தொங்கும் அந்த அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, எங்கே கிடந்தோமோ அங்கேயே அசையாமல் கிடக்க வேண்டும். இன்று இருபது விநாடிக்குக் கமராவைத் திறந்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, உடம்புக்கு அந்தப் பழைய அசையாமை ஞாபகம் வருகிறது. அன்று வெளிச்சம் எங்களைத் தேடிக்கொண்டிருந்தது. இன்று நாங்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கமரா செய்வது இதுதான். மனிதக் கண் வெளிச்சத்தைச் சேமித்து வைக்காது. ஒரு விநாடியின் சிறு பங்குக்குள் பார்த்ததை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கும். இருட்டுக்குப் பழக அதற்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும், பழகிய பின்னும் இருட்டில் நிறம் தெரியாது. பால்வீதி நமக்குச் சாம்பல் நிறப் புகைதான். கமராவோ இருபது விநாடி பொறுத்திருந்து, விழுகிற வெளிச்சம் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும். அப்போது சிவப்பும் நீலமும் வெளிப்படும். அதற்குமேல் நீண்ட நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்காமல் கோடாக இழுபடும், ஏனென்றால் பூமி மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது.

பிழைக்கு வருவோம்.

எங்களுக்குத் தெரிந்த ஐயா ஒருவர் இருக்கிறார். முல்லைத்தீவுக் கரையில் நாற்பது வருடம் கடல் தொழில் செய்தவர். இப்போது மகளோடு பேர்ணுக்கு வெளியே ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். 2022 இல் ஊருக்குப் போய்வந்த பேரன், கைத்தொலைபேசியில் அந்தக் கரையைப் பொழுதுபட்ட நேரத்தில் எடுத்திருந்தான். கிழக்கே கடல், இழுத்து விட்ட ஒரு வள்ளம், மங்கிய வெறும் வானம். அதை ஐயா அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். "இரவில ஒருக்காப் பார்க்க வேணும் போல கிடக்கு" என்று எங்களிடம் ஒருநாள் சொன்னார்.

2023 ஜூன் 18, அமாவாசை. அன்றிரவு குர்னிகலில் நாங்கள் எடுத்த பால்வீதி அதுவரை எடுத்தவற்றிலேயே நன்றாக வந்தது. கன்ட்ரிஷ் மலைத்தொடருக்கு மேலே, தெற்கில், செங்குத்தாக நிமிர்ந்து நின்றது. கணினியில் மலையை வெட்டி எறிந்தோம். கரையை இருட்டாக்கி, அதற்குமேல் இந்த வானத்தை வைத்து, கடலில் கொஞ்சம் மினுக்கமும் போட்டோம். பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, ஐயாவின் பிறந்தநாளுக்குக் கொண்டுபோனோம். "ஐயா, உங்கட கரை, இரவில" என்று சொல்லிக் கொடுத்தோம்.

வந்திருந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஐயா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பியவை, இது எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது?" என்று கேட்டார்.

"கிழக்கு, ஐயா. கடல் பக்கம்தானே."

"கிழக்கில இது இப்பிடி நிமிர்ந்து நிக்காதே, ராசா. கடலுக்குள்ளால எழும்பேக்க படுத்துக்கொண்டுதான் வரும்."

அவர் சொன்னது சரி. முல்லைத்தீவு பூமத்திய கோட்டிலிருந்து ஒன்பது பாகைதான் வடக்கே. பேர்ண் நாற்பத்தேழு. அங்கே பால்வீதி கிழக்கில் எழும்பும்போது அடிவானத்தோடு சாய்ந்து கிடந்துதான் எழும்பும். பௌதிகவியல் படித்தவன் தாளில் கணக்குப் போட்டால் கண்டிருப்பான். போடவில்லை.

அன்றைக்கு அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு கிழமை கழித்து அவருடைய மகள் சொல்லித்தான் மிச்சம் தெரியவந்தது. 2009 ஏப்ரலில், விடியப்புறம், அந்தக் கரைப்பக்கம்தான் ஐயா தன் மகனைக் கடைசியாகக் கண்டார். மணிக்கூடு இல்லை. தேள் மாதிரி வளைந்த அந்த நட்சத்திரக் கூட்டம் தெற்கில் உயர நின்றது, வால் முழுவதும் தெரிந்தது, அதை வைத்து நேரம் நாலு மணி இருக்கும் என்று கணித்தாராம். அவரிடம் அந்த இரவின் வேறெந்தப் பதிவும் இல்லை. கடிதம் இல்லை, அத்தாட்சி இல்லை, எந்த அலுவலகத்துக் கோப்பிலும் அந்த நேரம் இல்லை. வானம் ஒன்றுதான் சாட்சி. எங்கள் படத்தை அவ்வளவு நேரம் பார்த்தபோது அவர் தேடியது அழகை அல்ல, அந்த நேரத்தை. நாங்கள் வைத்த வானத்தில் தேளின் வால் இல்லை. பேர்ணில் அது மலைக்குக் கீழே போய்விடும்.

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே இதைப்பற்றிச் சண்டை பிடித்தோம். ஒருவன் சொன்னான்: "அந்த மனிசனைச் சந்தோசப்படுத்தத்தானே செய்தனாங்கள். நோக்கம் நல்லதெண்டால் பிழை எங்க?" மற்றவன் சொன்னான்: "கமராவே பொய்தான். கண்ணுக்குத் தெரியாத நிறத்தைக் காட்டுது. அதை ஏற்கிறம், இதை ஏன் ஏற்கக்கூடாது?"

இரண்டாவது வாதத்தை இலகுவில் தள்ளமுடியாது. இரவைப் படம் எடுத்த பெரியவர்களும் சுத்தமான கையோடு நிற்கவில்லை. பாரிஸின் இரவுகளை 1930களில் படம் பிடித்துப் புகழ்பெற்ற பிரசாய் எங்களைப்போலவே வேறிடத்திலிருந்து வந்தவர். 'பிரசாய்' என்றால் பிரஸ்ஸோ ஊரவன் என்று பொருள். ஊர்ப்பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டது எம்மவருக்கும் தெரிந்த பழக்கம்தான். கமராவைத் திறந்துவைத்து, சிகரெட் ஒன்று எரிந்து முடியும் நேரத்தை அளவாகக் கொண்டவர் அவர். இருட்டுக் கூடினால் தடித்த சிகரெட். சில காட்சிகளில் தெரிந்தவர்களையே நிறுத்தி நடிக்க வைத்தும் எடுத்தார். அமெரிக்கரான அன்செல் அடம்ஸ் 1941 இல் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலவு எழுவதை எடுத்தார். பிற்காலத்தில் அச்சிடும்போது வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார், முகில்களை மறைத்தார்.

ஆனால் அடம்ஸின் படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. எந்த வருடம் எடுத்தோம் என்பதை அவரே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் வானியலாளர்கள் படத்தில் நிலவு நிற்கும் இடத்தை அளந்து, 1941 நவம்பர் 1 பின்னேரம் என்று கண்டுபிடித்தார்கள். எடுத்தவர் மறந்ததைப் படம் மறக்கவில்லை. அவர் வானத்தைக் கறுப்பாக்கினாரே ஒழிய நிலவை இடம் மாற்றவில்லை.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு வேறுபாடு பிடிபட்டது. கண் காணாததைக் காட்டுவது பொய்யாகாது. அந்த வெளிச்சம் உண்மையாகவே அங்கே வந்து விழுந்தது, கமரா அதற்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். கறுப்பாக்குவதும் வெளிறச் செய்வதும்கூட ஒருவர் தன் குரலை உயர்த்துவதும் தாழ்த்துவதும் போன்றது. ஆனால் படத்திடம் ஒருவர் போய் 'இது எப்போது, எங்கே?' என்று கேட்டால் அது பதில் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். அடம்ஸின் படம் ஐம்பது வருடம் கழித்தும் பதில் சொன்னது. எங்கள் படம் ஐயாவின் முதல் கேள்வியிலேயே வாயடைத்துப்போனது.

ஓவியமோ கவிதையோ என்றால் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். 'உங்கட கரை' என்று சொல்லிக் கொடுத்தோமே, அந்தச் சொல்தான் அதைச் சாட்சியம் ஆக்கியது. எங்கள் நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம். ஆனால் பெறுகிறவர் அதில் எதைத் தேடுவார் என்று நாங்கள் யோசிக்கவில்லை. எங்களுக்கு அது அலங்காரம், அவருக்கு ஆவணம். கொடுப்பவன் தன் நோக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படக்கூடாது.

இதை ஒரு படத்தோடு நிறுத்தவும் முடியவில்லை. அகதியாக வந்த புதிதில் யாருடையவோ காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பாதவர் எங்களில் யார்? கோப்பை கழுவும் நிலவறை அந்தப் படங்களில் இல்லை. மறுபுறம், மண்டபங்களில் கூடி ஊரைப் பாடும்போதும் இரவல் வானம் ஒன்றைத்தான் ஊருக்குமேல் கட்டுகிறோம். அந்த ஊரில் எல்லோரும் எல்லோருடைய கிணற்றிலும் தண்ணீர் அள்ளியதுபோலப் பாடுகிறோம். அள்ளவிடாமல் நிறுத்தப்பட்டவர்களும் அதே மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், கிழக்கில் அது அப்படி நிமிர்ந்து நிற்காது என்று.

ஓகஸ்டில் ஐயாவிடம் போய் உண்மையைச் சொன்னோம். கோபிக்கவில்லை. "வானம் எங்கத்தையான்?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம். "அப்ப அங்க ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

முகில் இல்லாத ஓர் இரவில் இரண்டு கம்பளிச் சட்டைகளுக்குமேல் குளிர் அங்கி போட்டு, குர்னிகலில் மடக்குக் கதிரையில் இருத்தினோம். கமராவை எடுக்கவில்லை. அரை மணித்தியாலம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் எழுந்து துருவ நட்சத்திரத்தைத் தேடினார். அடிவானத்துக்கு அண்மையில் தேடினார், காணவில்லை. நாங்கள் மேலே காட்டினோம்.

"இவ்வளவு உயரத்திலயோ?" என்றார். கையை முழுவதும் நீட்டி, முட்டியைப் பொத்தி, அடிவானத்தில் வைத்தார். "எங்கட பக்கம் கடலுக்குமேல ஒரு கைமுட்டி. அவ்வளவுதான்." பிறகு இரண்டு கைகளையும் மாறி மாறி முட்டிமேல் முட்டி வைத்து எண்ணிக்கொண்டு போனார். ஐந்தாவது முட்டியில் நட்சத்திரம் மறைந்தது.

"நாலு முட்டி தூரம் வந்திட்டம்" என்று சொல்லிவிட்டு இருந்தார்.

அந்தப் படத்தை அவர் திருப்பித் தரவில்லை. இப்போதும் சுவரில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், அவர் கேட்டுக்கொண்டபடி, எங்கள் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறோம்: கரை முல்லைத்தீவு, 2022. வானம் குர்னிகல், 2023 ஜூன் 18.