விரல்விட்டு எண்ணுங்கள்!

எத்தனை வருடக் கனவு இது?

ஈபிள் கோபுரத்தின் அடியில் நிற்க வேண்டும். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி, ஏஜியன் கடலைக் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டீர்கள். வீட்டுக் கடன் அடைந்தது. கையில் பணம் இருக்கிறது, காலில் தெம்பும் இருக்கிறது.

பிறகு ஏன் இன்னும் கிளம்பவில்லை?

"அந்த விசா விதியெல்லாம் நமக்குப் புரியாதுங்க!" இதுதானே உங்கள் பதில்?

ஒப்புக்கொள்ள மாட்டேன்! பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் வட்டிக் கணக்கும் மனதிலேயே போட்டுக் குடும்பம் நடத்தியவர் நீங்கள். தொண்ணூறு வரை எண்ண உங்களுக்கு வராதா?

விதி இவ்வளவுதான். எந்த 180 நாளை எடுத்தாலும், அதற்குள் 90 நாளுக்கு மேல், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் தங்கக் கூடாது.

பிரான்ஸுக்கு 90, இத்தாலிக்கு 90 என்று தனித்தனியாகக் கிடையாது. 29 நாடுகளுக்கும் சேர்த்தே 90! இறங்கிய நாளும் ஒரு நாள். கிளம்பிய நாளும் ஒரு நாள்.

"அப்படியானால் மூன்று மாதம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மே 1 முதல் ஜூலை 31 வரை எண்ணிப் பாருங்கள். 92 நாள் வரும். அந்த இரண்டு நாள் அங்கே விதிமீறல்.

அபராதம் வரலாம். நுழையவே தடை வரலாம். அடுத்த விண்ணப்பத்தில் அந்தக் கறை உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு நினைப்பு இதைவிட ஆபத்தானது. "ஒரு வாரம் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்!" யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரரா? அவரா உங்களுக்காக எல்லையில் வந்து நிற்கப் போகிறார்?

180 நாள் என்பது ஜனவரியில் தொடங்குவதில்லை. நீங்கள் இறங்கிய நாளிலும் தொடங்குவதில்லை. அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும்.

90 நாளுக்கு, பலமுறை நுழையும் விசா கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 பாரிஸில் இறங்குகிறீர்கள். மே 30 வரை சுற்றுகிறீர்கள். 60 நாள் தீர்ந்தது. ஒரு மாதம் லண்டனில் மகள் வீடு. அதற்கு பிரிட்டன் விசா தனி. அந்த நாட்கள் ஷெங்கன் கணக்கில் சேராது.

ஜூன் 30 ரோமுக்கு வருகிறீர்கள். மீதி எத்தனை? 30 நாள். ஜூலை 29 இரவுக்குள் வெளியேறியாக வேண்டும். லண்டனில் இருந்த ஒரு மாதம் பழைய 60 நாளை அழிக்கவில்லை!

எப்போது அழியும்? செப்டம்பர் 28. அன்றுதான் ஏப்ரல் 1 உங்கள் கணக்கிலிருந்து உதிர்கிறது. அதன் பிறகு நாளுக்கு ஒன்றாகத் திரும்பி வரும். பென்சிலும் காலண்டரும் இருந்தால் கால் மணி நேர வேலை. ஐரோப்பிய ஆணையமே இதற்கு ஓர் இலவசக் கணிப்பானை இணையத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் போட்ட கணக்கை அதில் சரிபாருங்கள்.

இதற்கா இத்தனை வருடம் பயந்தீர்கள்?

இனி கப்பலுக்கு வாருங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே, மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில்தான் ஐந்து நாடுகள் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கப்பலில் பிறந்த ஒப்பந்தம், கப்பலில் போகிறவரை விட்டுவிடுமா?

பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மால்டாவின் வலெட்டா என்று போனால், எல்லாமே ஷெங்கன் துறைமுகங்கள். இரவெல்லாம் நடுக்கடலில் தூங்கினாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பிரேயஸில் ஏறுகிறவர் கதை வேறு. கப்பல் துருக்கியின் குஷாதாசியில் நிற்கிறது. எபேசஸ் நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்க ஆசையாக இறங்குகிறீர்கள். துருக்கி ஷெங்கன் நாடு அல்ல. மறுநாள் சான்டோரினி தீவு. அது மறுபடியும் ஷெங்கன்!

உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பது சிங்கிள் என்ட்ரி விசாவா? அது முதல் நுழைவிலேயே தீர்ந்துவிட்டது. பல நேரம் ஏதென்ஸ் துறைமுகத்திலேயே, ஏறும் முன்பே, "இந்த விசா போதாது" என்று நிறுத்திவிடுவார்கள். கட்டிய பணமும் போகும்.

மல்டிபிள் என்ட்ரி கேளுங்கள். ஏன் வேண்டும் என்பதற்குக் கப்பலின் பயண நிரலையே விண்ணப்பத்தோடு வையுங்கள். துருக்கிக்கு என்ன அனுமதி வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப் பேச்சை நம்பாதீர்கள்!

ஏஜென்ட் பார்த்துக்கொள்வாரா? படிவம் நிரப்புவார். அதோடு சரி. எல்லையில் நிற்கப் போவது நீங்கள்.

விசா ஒட்டப்பட்ட அன்றே பக்கத்தைத் திறந்து படியுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நுழைவு, எத்தனை நாள் தங்கலாம் என்று மூன்றும் அதில் இருக்கும். தேதி இடைவெளி நீளமாக இருக்கலாம். தங்கும் நாள் 30 என்றிருந்தால் உங்களுக்கு 30 நாள்தான். 90 என்பது உச்ச வரம்பு. யாருக்கும் தானாக வருவதில்லை.

2025 அக்டோபர் 12 முதல், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக வருவதையும் போவதையும் கணினியில் பதியும் முறையை ஐரோப்பா தொடங்கிவிட்டது. கணினி உங்கள் நாட்களை எண்ணுகிறது. அதற்கு முன்னால் நீங்கள் எண்ணியிருக்க வேண்டாமா? கப்பல் டிக்கெட், துறைமுகச் சீட்டு, விமானத்தின் போர்டிங் பாஸ் எதையும் தூக்கி எறியாதீர்கள். பதிவில் பிழை வந்தால் உங்கள் பக்கம் பேசப் போவது அவைதான்.

"விசாவையே மறுத்துவிட்டால்?"

மறுக்கட்டுமே! 90 யூரோ கட்டணம் போகும். மானம் போகாது!

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும். மேல்முறையீடு உண்டு. குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கவும் வழி உண்டு. காரணத் தாளைப் படிக்காமலே மடித்து பீரோவில் வைத்து அழுகிறவர்தான் தோற்றவர். ஒவ்வொரு வரியாகப் படித்து மறுபடி வரிசையில் நிற்கிறவரை யார் தோற்கடிப்பது?

ஒழுங்காக எண்ணுகிறவருக்கு ஒரு படிக்கட்டும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 18 அன்று இந்தியர்களுக்கென்று வந்த விதி அது. கடந்த மூன்று ஆண்டில் இரண்டு விசா பெற்று, முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு ஆண்டு மல்டிபிள் என்ட்ரி. பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால் வழக்கமாக அதையடுத்து ஐந்து ஆண்டு! அப்போதும் 90 நாள் வரம்பு மாறாது. ஆனால் ஒவ்வொரு முறையும் நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கத் தேவையில்லை.

ஒரு நாள் கூடுதலாகத் தங்க ஆசை வரும்போது இந்தப் படிக்கட்டை நினையுங்கள். 90 நாள் போதவே போதாது என்றால் அதற்கும் வழி உண்டு. ஒரே நாட்டில் நீண்ட காலம் தங்க அந்த நாடே தரும் டி வகை விசாவைக் கேளுங்கள். நேர்வழி இருக்கும்போது ஒளிந்து வாழ்வது எதற்கு?

எழுந்திருங்கள்! சுவரிலிருக்கும் காலண்டரை இறக்குங்கள். போகும் நாளை வட்டமிடுங்கள். வரும் நாளை வட்டமிடுங்கள். நடுவில் இருப்பதை விரல்விட்டு எண்ணுங்கள்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த கோடைக்கு உங்கள் விண்ணப்பத்தை எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?