இறுகிய மூட்டு



மண்டையோட்டு எலும்புகள் அசையாதபடி பொருந்தியுள்ளன. முள்ளந்தண்டு சிறிது சிறிதாய் வளையும். முழங்கை, பிணையல் மூட்டு, கதவுபோல் மடங்கும். தோள், பந்துக்கிண்ண மூட்டு, எப்பக்கமும் சுழலும். அசையும் இம்மூட்டுக்களில் எலும்பு நுனிகளைக் கசியிழையம் மூடியிருக்கிறது. இடையே வழுவழுப்பான திரவம் உண்டு. கசியிழையத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போதே அத்திரவம் அதற்கு ஊட்டமளிக்கிறது. நெடுநாள் அசையாத மூட்டு இறுகிவிடும்.

திருச்சபை என்னும் உடல் மூட்டுக்களால் இணைந்து அன்பில் வளர்வதைப் புனித சின்னப்பர் எபேசியருக்கு (4:16) எடுத்துரைக்கிறார். வேலித் தகராறினால் ஆண்டுக்கணக்காய்ப் பேசாதிருக்கும் சகோதரரே, ஒரே பீடத்தில் நன்மை வாங்கும் உங்கள் உறவு இறுகிய மூட்டல்லவா? முதலசைவு நோகத்தான் செய்யும். ஆயினும், இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் முதல் வார்த்தையை நீங்களே பேசுங்கள்.