காணாத காந்தம்

சீடன்: குருவே, தனுசு மண்டலத்தில் எஸ்ஜிஆர் 1806-20 என்றொரு நியூட்ரான் விண்மீன் இருக்கிறது. அதன் காந்தப்புலம் 8 கோடி கோடி காஸ் என்கிறார்கள். நம் பூமிக்கோ அரை காஸ்தான். அங்கே போய் அளந்தவர் யார்?

குரு: யாருமில்லை. நம்மிடம் வந்து சேர்வது எக்ஸ் கதிர் போன்ற கதிர்வீச்சு மட்டுமே. அது காட்சி அளவை, நேரே கண்டறிவது. காந்தம் கருதல் அளவை, கண்டதிலிருந்து உய்த்துணர்வது.

சீடன்: கருதல் வெறும் ஊகமாகிவிடாதா?

குரு: கணக்குப் பார்த்தால் ஆகாது. அந்த விண்மீன் ஏறத்தாழ 7.5 வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அந்த நேரம் ஆண்டுக்கு 2.6 மில்லி வினாடி கூடுவதை 1998இல் வானியற்பியலாளர் கிரிசா குவெலியோட்டு குழுவினர் கண்டார்கள். சூரியனைவிடக் கனமான, 20 கிலோமீட்டர் அகல உருண்டை அது. அதையே தடுத்துத் தளர்த்துவதென்றால் எவ்வளவு வலிய புலம் வேண்டும்! நீ சொன்ன எண் அப்படிக் கிடைத்ததுதான்.

சீடன்: அப்படியானால் சுழற்சி இழக்கும் ஆற்றலே எக்ஸ் கதிராகிறதா?

குரு: அங்கேதான் கணக்கு இடிக்கிறது. சுழற்சி இழப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் எக்ஸ் கதிராக வெளியேறுகிறது. நூறு ரூபாய் வருமானக்காரன் மாதந்தோறும் ஆயிரம் செலவழித்தால் என்ன நினைப்பாய்?

சீடன்: பழைய சேமிப்பு இருக்கிறது, இல்லை அடுத்தவர் கொடுக்கிறார். பக்கத்து விண்மீனிடமிருந்து வாயுவை உறிஞ்சலாமே?

குரு: அப்படி ஒளிரும் நியூட்ரான் விண்மீன்கள் உண்டு. இதற்கு அப்படியொரு துணை தென்படவில்லை. ஆகவே சேமிப்புத்தான், அந்தச் சேமிப்பு காந்தப்புலம். வானியற்பியலாளர்கள் டங்கனும் தாம்சனும் 1992இலேயே முன்வைத்த கருத்து இது. உள்ளே முறுக்கிக் கிடக்கும் புலம் மெல்லச் சிதைகிறது, மேலோடு சூடேறுகிறது. பல லட்சம் டிகிரியில் தகிக்கும் பரப்பு எக்ஸ் கதிரைத்தான் உமிழும். முறுக்கு ஒரேயடியாக அவிழ்ந்தால் பெருவெடிப்பு. 2004 டிசம்பர் 27இல் அப்படியொன்றின் ஒளி நம்மை எட்டியது. முதல் வீச்சு அரை வினாடிகூட நீடிக்கவில்லை. அதற்குள் வெளிப்பட்டது, சூரியன் ஒரு லட்சம் ஆண்டில் தருவதைவிட அதிகம். பல்லாயிரம் ஒளியாண்டு தாண்டி வந்தும் நம் அயனி மண்டலத்தைக் கலக்கிவிட்டது.

சீடன்: இனி ஐயமே இல்லையா?

குரு: எண்ணில் உண்டு. விண்மீனிலிருந்து வீசும் துகள் காற்றும் சுழற்சியைத் தளர்த்தும். அதன் பங்கைக் கழித்தால் அந்த 8 குறையலாம். மூலம் காந்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சீடன்: அந்தக் கருதலைச் சோதிக்க வேறு காட்சி உண்டா?

குரு: உண்டு. இத்தகைய புலத்தில் எக்ஸ் கதிரின் அதிர்வுத் திசை ஒழுங்குபட வேண்டும் என்று முன்பே கணித்திருந்தார்கள். 4யூ 0142+61 என்ற இதே வகை விண்மீனை 2022இல் ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள் நோக்கியது. அதன் எக்ஸ் கதிரில் குறைந்த ஆற்றல் பகுதியும் மிகுந்த ஆற்றல் பகுதியும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அதிர்வது பதிவாகியிருக்கிறது.