தொட்டிலுக்கு எதற்குப் புத்தகம்?

தொழுகைக்கு வாருங்கள் என்று அழைப்பதுதான் பாங்கு. பிறந்த குழந்தையின் வலது காதில் அதைச் சொல்வது தமிழக முஸ்லிம் வீடுகளில் வழக்கம். எழுந்து வர முடியாத, அரபியும் தமிழும் அறியாத உயிருக்கு எதற்கு அழைப்பு? 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னுல் கையிம், பச்சிளங்குழந்தைகள் குறித்த மார்க்க விதிகளுக்கென்று தனி நூலே எழுதியவர். அவர் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. உலகை விட்டுப் போகிறவருக்குக் கலிமா என்னும் நம்பிக்கை உறுதிமொழியைச் சொல்லித் தருவதுபோல, உலகுக்குள் வருபவர் காதிலும் முதலில் இறைவனின் பெருமை விழட்டும் என்கிறார். குழந்தை உணராவிட்டாலும் அதன் தடம் நெஞ்சில் சேரும் என்பது அவர் நம்பிக்கை.

பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லும் இந்துக் குடும்பங்களும் கிட்டத்தட்ட இதே பந்தயத்தைத்தான் கட்டுகின்றன.

உணராதவற்றிடம் பேசுவதில் பொருளுண்டா என்று கேட்ட குரலும் பழையது. வேத மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று வாதிட்டார் கௌத்சர் என்ற பழங்கால அறிஞர். அவர் வாதத்தை யாஸ்கர் வேதச் சொற்களுக்குப் பொருள் விளக்கும் தம் நிருக்தத்தில் எடுத்துவைத்து மறுக்கிறார். கௌத்சர் காட்டும் சான்று வேடிக்கையானது. வேள்வியில் மூலிகையிடம் காக்கச் சொல்கிறார்கள். வெட்டிக்கொண்டே கோடரியிடம் துன்புறுத்தாதே என்கிறார்கள். ஜைமினியின் மீமாம்சை நூல் இந்த ஆட்சேபத்தைக் கூர்தீட்டுகிறது: உணர்வில்லாத பொருளை விளித்துப் பேசுவது எப்படிப் பொருளுள்ள பேச்சாகும்? பிறகு அதற்குப் பதிலும் சொல்கிறது. யாஸ்கரின் விடை கொஞ்சம் காரமானது. பார்வையற்றவர் தூணைக் காணவில்லை என்றால் குறை தூணில் இல்லை என்று முடித்துவிடுகிறார்.

தொட்டில் பக்கம் வந்தால் இரு கட்சியும் தடுமாறுகின்றன. குழந்தை கோடரி அல்ல. அதற்குக் காது இருக்கிறது. தூணைக் காணாதவர் நிலையும் அதற்கில்லை. கேட்கக் கேட்கத்தான் அதற்குக் கேட்கவே வருகிறது.

1986இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்டனி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி 6 வாரங்களில் தாய்மார்கள் தினமும் ஒரே கதைப்பகுதியை உரக்க வாசித்தார்கள். டாக்டர் சூஸின் 'தி கேட் இன் தி ஹேட்' (தொப்பியணிந்த பூனை) அப்படி வாசிக்கப்பட்டவற்றில் ஒன்று. பிறந்த சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பு. உறிஞ்சும் விதத்தை மாற்றினால் காதில் விழும் கதை மாறும். கருவில் கேட்ட கதையே மீண்டும் ஒலிக்கும்படி சிசுக்கள் உறிஞ்சின. வாசித்தவர் வேறொரு பெண்ணாக இருந்தபோதும் அதே முடிவுதான். பூனையும் தெரியாது, தொப்பியும் தெரியாது. கதையின் தாளம் மட்டும் தங்கியிருந்தது. இப்னுல் கையிமின் கூற்றுக்கு இது நிரூபணம் அல்ல. நெஞ்சில் சேர்வதை உறிஞ்சும் வேகத்தால் அளக்க முடியாது. ஆனால் புரியாதது எதுவும் தங்காது என்ற வாதம் இங்கே தோற்றுப்போகிறது.

புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலில், பெரியவர்கள் பொருள்களைச் சுட்டிப் பெயர் சொல்வதைக் கவனித்துத் தாம் மொழி கற்றதாக விவரிக்கிறார். 1953இல் வெளிவந்த தம் நூலைத் தத்துவவாதி விட்கென்ஸ்டைன் அந்தப் பகுதியோடுதான் தொடங்குகிறார், அதை மறுப்பதற்காகவே. அகுஸ்தினாரின் குழந்தை அயல்நாட்டில் வந்திறங்கிய பயணியைப் போல இருக்கிறதாம்: ஏற்கெனவே ஒரு மொழி கைவசம் உண்டு, இந்த ஊர் மொழிதான் தெரியாது. விட்கென்ஸ்டைன் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. பேச்சில் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிறகே புரிதல் பிறக்கிறது. புரியட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் எந்தக் குழந்தையும் பேசாது.

2003இல் சியாட்டிலில் பாட்ரிசியா குல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியில் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள், கூடவே விளையாடினார்கள். 12 அமர்வுகளில் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வந்தது. அதே பேச்சைத் திரையிலோ ஒலிப்பதிவிலோ கேட்ட குழந்தைகளுக்கு வரவில்லை. ஒலி மட்டும் போதாது; விளிக்க ஆள் வேண்டும்.

பிறந்தது முதலே வாசித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது நல்ல காரியம். ஆனால் அது அப்போது சொன்ன காரணங்களில் மூளை வளர்ச்சியும் பள்ளிக்கான ஆயத்தமும் முன்னால் நின்றன. பாங்கு சொல்பவர் குழந்தையை நாளைய மாணவராகப் பார்ப்பதில்லை. இன்றே தொழுகைக்கு அழைக்கத் தகுந்தவராக நடத்துகிறார். கடவுளை நம்பாதவரும் இந்த மரியாதையைக் கடன் வாங்கலாம். அப்படி வாங்கினால் மூளையை வளர்ப்பதாக அட்டையில் சத்தியம் செய்யும் படப்புத்தகம்தான் வேண்டுமென்பதில்லை. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தாத்தா நாளிதழின் தலையங்கத்தை உரக்கப் படித்தாலும் சரிதான், நடுநடுவே அவள் முகத்தைப் பார்த்து "நீ என்ன சொல்றே?" என்று கேட்டால்.