களஞ்சியமும் கீர்த்தனையும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கரையேறிய கஜா புயல், வேதாரணியம் தொடங்கிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போன பத்தாம் நாள், கூரையோடுகள் பறந்துபோன ஒரு சிற்றாலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு நானும் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார், நல்ல உள்ளத்தோடுதான், புயலுக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துங்கள், துதிக்கத் துதிக்க இழந்தவை இரட்டிப்பாய்த் திரும்பும் என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். சபையார் வாய் திறக்கவில்லை. கன்றாய் நட்ட நாளிலேயே அதைத் தென்னம்பிள்ளை என்று அழைத்து, பெற்ற பிள்ளைக்கு வார்ப்பதுபோல் தண்ணீர் வார்த்து வளர்த்த ஜனங்கள் அவர்கள். அந்தப் பிள்ளைகள் வாசலெங்கும் விழுந்து கிடக்கையில், விழுந்ததற்காக நன்றி சொல் என்றால் எந்த நா எழும்?

அன்றைய மௌனத்தை அவிசுவாசம் என்று நான் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. ஆயினும் பிரசங்கியார் சொன்னதற்கு வேதத்தில் ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. எந்நிலையிலும் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்று சபைகளுக்கு எழுதியவர் பவுல் அப்போஸ்தலர். ஆனால் எழுதிய அந்தக் கைக்குரியவரின் முதுகு, பிலிப்பி பட்டணத்தில் பிரம்படிபட்டுக் கிழிந்த முதுகு. தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்டு, உட்காவலறையில், நள்ளிரவில், அவரும் சீலாவும் தேவனைப் பாடினார்கள். மற்றக் காவற்கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்ற ஒருவர் அவர்களைப் பார்த்துப் பாடுங்கள் என்று கட்டளையிடவில்லை. தொழுமரத்துக்குள்ளிருந்து எழுகிற பாட்டு வேறு. தொழுமரத்தைப் பார்த்துச் சொல்லப்படுகிற உபதேசம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவதால்தான் துன்பகாலத்துத் துதி என்கிற அரிய பொருள் பலருக்குப் பாரமாகவும் சிலருக்கு வியாபாரமாகவும் ஆகிப்போயிற்று.

ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்துக் கடைசி ஜெபத்தை வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அத்திமரம், திராட்சக்கொடி, ஒலிவமரம், வயல், ஆட்டுக்கிடை, மாட்டுத்தொழுவம் என்று அவர் தம் நாட்டின் நஷ்டத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுகிறார். புயலுக்குப் பின் கிராம நிர்வாக அலுவலர் வீடுவீடாய் வந்து சேதக் கணக்கு எடுப்பதுபோல, எதையும் குறைக்காமல், எதையும் விடாமல் எண்ணிவிட்டு, அதற்கப்பால்தான் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். கணக்கை மறைத்துவிட்டுப் பாடிய பாட்டல்ல அது. பஞ்சம் நல்லது என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பஞ்சத்துக்காக அவர் நன்றி கூறவுமில்லை. வயல் வெறுமையாய்க் கிடக்கிறது; தேவன் தேவனாயிருக்கிறார்; இவ்விரண்டு வாக்கியங்களையும் ஒன்றால் மற்றொன்றை அழிக்காமல் ஒரே மூச்சில் சொல்லத் துணிந்ததே அவருடைய விசுவாசம்.

சங்கீதப் புத்தகமும் அப்படியே. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு புலம்பலும் முறையீடுமே. எத்தனை நாள் மறந்திருப்பீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கடவுளோடு வழக்காடுகிற பாட்டும், வானம் பூமியெல்லாம் துதிக்கட்டும் என்கிற பாட்டும் ஒரே ஏட்டில், ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இது புதிதாய்த் தோன்ற நியாயமில்லை. நடவு நடுகையிலும் பாட்டு, பிள்ளையைத் தூங்கப்பண்ணுகையிலும் பாட்டு, பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தாலும் பாட்டு என்று வாழ்ந்த பெண்கள் நம் தாய்மார்கள். ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் ஒரே தொண்டை என்பதை அவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் துன்பப்படுகிறவனைப் பார்த்துத் தேவனைத் துதி என்று சொல்ல யாருக்கு உரிமை? யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரையில் உத்தமராகவே இருந்தார்கள். வாய் திறந்து தேவ நீதிக்கு வியாக்கியானம் கூறத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடித் தூரதேசம் போக வேண்டுவதில்லை. தஞ்சைக் கோட்டைக்குள்ளேயே விடை இருக்கிறது.

1780-இல் ஹைதர் அலியின் சேனை, கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமையின்மேல் பாய்ந்து, அடுத்த ஆண்டு தஞ்சைச் சீமையும் பாழானபோது, கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தார்கள். நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. குடியானவர்கள் அரசரையும் நம்பவில்லை, கும்பினியாரையும் நம்பவில்லை. இருவரிடத்திலும் ஏமாந்தவர்கள் அவர்கள். அப்போது துளஜா ராஜா, நம்மையெல்லாம் நம்பாவிட்டாலும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரை நம்புகிறார்களா பார்ப்போம் என்று சொல்லி, அந்தக் காரியத்தை அவரிடம் ஒப்புவித்தார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்து, தமிழையும் மராட்டியையும் கற்று, மணம் செய்துகொள்ளாமல் ஊழியத்திலேயே ஆயுளைச் செலவிட்ட ஜெர்மானியர் கிறிஸ்தியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ். உங்கள் கூலிக்கு நான் பொறுப்பு என்று அவர் சொல்லியனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. வந்தவர்களுக்குப் பேசியபடி கூலி கொடுத்துத் திருப்தியாய் அனுப்பிவைத்தார் என்பது இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதற்கு முன்பே, தானியம் மலிவாயிருந்த காலத்தில் அவர் நெல் வாங்கிச் சேமித்து வைத்திருந்ததால், பசித்து வந்தவர்களுக்குப் பல மாதம் சோறிட முடிந்தது. ஜெபித்தால் மன்னா பொழியும் என்று காத்திருந்தவரல்லர் அவர். கலநெல்லும் ஜெபத்தின் ஒரு பாகமே என்று அவர் கண்டிருந்தார்.

அந்தப் பஞ்சம் ஓய்ந்து சில ஆண்டுகளுக்குள், 1785-இல், பாளையங்கோட்டையிலிருந்து பதினொன்று பன்னிரண்டு வயதுப் பாலகன் ஒருவனை அவர் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தார். அவனே பின்னாளில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார். சரபோஜி மன்னரோடு ஒரே ஆசானிடம் பயின்றவர். இன்றளவும் தமிழ்த் திருச்சபைகளில் ஒலிக்கும் கீர்த்தனைகள் பலவற்றின் கர்த்தா. நம் துதிப்பாடல்களின் ஊற்று ஒன்று, பசித்தவனுக்கு நெல் அளந்த அதே மனையிலிருந்துதான் பெருகிற்று. ஆனால் அதே சாஸ்திரியார் பிற்காலத்தில், தேவாலயத்துக்குள் ஜாதி வித்தியாசம் கூடாது என்று புதிய மிஷனெரிமார் வற்புறுத்தியபோது, அந்த வித்தியாசத்துக்காகவே வாதாடினார் என்பதையும் மறைப்பது நேர்மையன்று. அவருடைய கீர்த்தனைகளை நேசிக்கிற நான் இதை வருத்தத்தோடு எழுதுகிறேன். பாட்டில் ஒன்றாய்ச் சேர்ந்து, அமருமிடத்தில் பிரிந்து நின்றால், அந்தத் துதி பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது.

இன்னொரு வேதநாயகர் மாயூரத்தில் இருந்தார். முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் ஆசிரியராகவே பலர் அறிவார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சுட்டெரித்தபோது, கத்தோலிக்கரான அவர், கடவுளை நோக்கி உரிமையோடு முறையிடும் கீர்த்தனைகளைப் பாடினார். பாடிய கையோடு தம் பொருளை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். அந்தக் கொடையைக் கண்டு உருகி அவரைப் பாடியவர் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இயற்றிய சைவர் கோபாலகிருஷ்ண பாரதியார். கடவுளிடம் ஏன் என்று கேட்டவரே மனிதரிடம் இந்தா என்று நீட்டியிருக்கிறார்.

இப்படியெல்லாம் எழுதுவதால், சோறிடுவதே விசுவாசம், துதி அதன் அலங்காரம் என்று நான் கருதுவதாக ஒருவர் எண்ணிவிடக் கூடாது. யாருடைய களஞ்சியமும் எட்டாத துன்பங்கள் உண்டு. தமிழ் மண்ணில் முதல் புராட்டஸ்டண்டு மிஷனெரியாக 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தம் சொந்த மார்க்கத்தாரான டேனிஷ் அதிகாரியாலேயே, 1708-இன் இறுதியில் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு, நான்கு மாதம் கிடந்தார். பக்கத்தில் கடல் இரைந்துகொண்டிருந்திருக்கும். அவரால் ஏற்பட்ட சபையோ மேய்ப்பனில்லாமல் வெளியே நின்றது. அங்கே அவருக்கு ஜெபத்தைத் தவிர வேறு கைமுதல் ஏது? அத்தகைய இருட்டில் எழும் துதி கூலியல்ல. விடுதலைக்குக் கட்டிய முன்பணமுமல்ல. நீர் இன்னும் என் தேவன் என்று சொல்லுவதுதான் அது.

இதன் ஆழத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கெத்செமனே இரவுதான் நினைவுக்கு வரும். பஸ்கா விருந்து முடிந்ததும் நம் ஆண்டவரும் சீஷரும் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடிவிட்டே ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள் என்று சுவிசேஷகர்கள் மத்தேயுவும் மாற்கும் போகிறபோக்கில் குறித்துப் போகிறார்கள். பாடிய அதே உதடு, ஒரு நாழிகை கழிந்ததோ இல்லையோ, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்காதா என்று மன்றாடிற்று. பாடியவர் ஏன் மன்றாடினார் என்று கேட்பவர்கள் துதியை அறியாதவர்கள். மன்றாடியவர் எப்படிப் பாடினார் என்று கேட்பவர்கள் துக்கத்தை அறியாதவர்கள்.

அந்தப் பேராவூரணிப் பக்கத்து ஆலயத்தில், பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்தபின், நான் பின்பக்கம் போனேன். ஊர் உபதேசியார் புயலுக்கு மறுநாளே நனையாத வீடுகளில் அரிசி தண்டி, சாய்ந்த மட்டைகளையே விறகாக்கி, எந்தத் தெருவார் என்று பாராமல் எல்லோருக்கும் கஞ்சி வார்க்கத் தொடங்கியிருந்தார். பத்து நாளாய் அந்த அடுப்பு அணையவில்லை; அந்தப் பத்து நாளில் அவர் ஒருவருக்கும் புத்தி சொன்னதாகத் தெரியவில்லை. விழுந்த தென்னந்தண்டின்மேல் உட்கார்ந்து வட்டில் கழுவிக்கொண்டிருந்த ஒரு கிழவி, யாரும் கேளாமலே, ஒரு பழைய கீர்த்தனையை மெல்லத் தொடங்கினாள். சுருதி சேரவில்லை, நடுவில் அடி மறந்து மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பிரசங்கியாரும் வந்து ஓரமாய் நின்று, அவர்களோடு மெதுவாகப் பாடினார். உபதேசியார் மட்டும் பாடவில்லை. அடுத்த உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்.